கையால் செய்த குண்டு நேராகப் போகுமா?

நான்கு துப்பாக்கிக் குண்டுகள் இலக்குத் தாளில் ஒரே ஓட்டைக்குள் போகும். ஐந்தாவது மட்டும் அரை விரற்கடை தள்ளித் தனிக்குடித்தனம் போய்விடும். 2013 கோடையில் நான் கையால் செய்த முதல் ஐந்நூறு குண்டுகளும் எனக்குக் காட்டிய வித்தை இதுதான். எது அந்த ஐந்தாவது என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. சில தாள்களில் முதல் குண்டே ஓடிவிடும், மற்ற நான்கும் ஒழுங்காக உட்காரும்.

எனக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. கோயம்புத்தூரில் டூல் ரூமில் பத்து ஆண்டு டை, அதாவது உலோகத்தை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு, செய்து சோறு தின்றவன் நான். 1999இல் அமெரிக்காவின் ஒஹாயோவுக்கு வந்த பிறகும் அதே தொழில்தான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் கணக்கில் உலோகத்தை இழைப்பவனுக்கு, ஒரு துண்டு ஈயத்தைச் செம்பு உறைக்குள் வைத்து அழுத்துவது பெரிய காரியமா என்ற திமிர் இருந்தது. திமிர் இறங்க ஒரு கோடை முழுவதும் ஆயிற்று.

விஷயத்துக்குள் போகுமுன் ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்வோம். தோட்டா என்று நாம் சொல்வது பித்தளைக் கூடு, வெடிமருந்து, நுனியில் செருகிய குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருள். நான் பேசுவது அந்த நுனியில் இருக்கும் குண்டைப் பற்றி மட்டும். பேரலை, அதாவது துப்பாக்கிக் குழாயை, விட்டு வெளியே போய்த் தாளைத் தொடுவது அது ஒன்றுதான்.

பெஞ்ச்ரெஸ்ட் என்ற போட்டியை நம் ஊரில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். கெட்டியான மேசை, அதன்மேல் முன்னும் பின்னும் மணல் பை, மணல் பையின்மேல் துப்பாக்கி. 100 கஜத்தில், அதாவது 91 மீட்டரில், ஒரு தாள். ஏழு நிமிடத்துக்குள் ஐந்து குண்டு சுட வேண்டும். நடுப்புள்ளியில் பட்டதா என்று யாரும் கேட்பதில்லை. ஐந்தும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கி விழுந்தன என்பதே கணக்கு. அந்த ஐந்து ஓட்டைக் கூட்டத்துக்குக் குரூப் என்று பெயர். மிக விலகி நிற்கும் இரண்டு ஓட்டைகளை மையத்துக்கு மையம் அளப்பார்கள். ஐந்து தாள்களின் சராசரிதான் உங்கள் மதிப்பெண். நல்ல வானிலையில் முன்வரிசைக்காரர்களின் சராசரி 6 மில்லிமீட்டருக்குள் நிற்கும்.

1973இல் மாக் மக்மில்லன் என்பவர் சுட்ட ஒரு குரூப் 0.009 அங்குலம். நாற்பது ஆண்டுகள் அதை யாராலும் அசைக்க முடியவில்லை. 2013இல் மைக் ஸ்டின்னெட் 0.0077 அங்குலத்தில் சுட்டு அதை முறியடித்தார். நம் அளவில் சொன்னால் 0.2 மில்லிமீட்டர். ஐந்து குண்டுகள் போன ஓட்டையும் ஒரு குண்டு போன ஓட்டையும் வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும்.

2010 மே மாதம் ஒஹாயோவின் நார்த் லாரன்ஸில் நடந்த சூப்பர் ஷூட் என்ற பெஞ்ச்ரெஸ்ட் போட்டியை வேடிக்கை பார்க்கப் போனேன். துப்பாக்கிகளை விட எனக்குப் பின்னால் இருந்த மேசைகள்தான் பிடித்துப்போயின. ஒவ்வொருவரும் ஒரு தாள் சுட்டு முடித்ததும் அதே பித்தளைக் கூடுகளை எடுத்துக்கொண்டு வந்து, மருந்து நிரப்பி, குண்டு செருகி, அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடுகிறார்கள். அந்த மேசைகளில் கம்பெனிப் பெயர் அச்சடித்த குண்டுப் பெட்டிகளைக் குறைவாகவே பார்த்தேன். பேனாவால் ஒரு தேதியும் ஒரு எண்ணும் எழுதிய வெள்ளை பிளாஸ்டிக் டப்பாக்கள்தான் அதிகம். எங்கோ ஒருவர் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கைநெம்புகோலை இழுத்துச் செய்த குண்டுகள். பார்த்ததும் எனக்குள் இருந்த டை மேக்கர் விழித்துக்கொண்டான்.

இந்தப் பழக்கம் இந்த நாட்டில் பழையது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குண்டு கிடைக்காமல் போனபோது, கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃபிரெட் ஹண்டிங்டன் என்பவர் சுட்டு எறிந்த .22 காலிக் கூடுகளையே உறையாக்கிக் குண்டு செய்யும் டை ஒன்றை உருவாக்கினார். இன்று தோட்டா நிரப்பும் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஆர்.சி.பி.எஸ். நிறுவனம் அதிலிருந்து முளைத்ததுதான். அந்த நான்கு எழுத்தில் கடைசி இரண்டும் குண்டு அழுத்தும் கருவி என்பதன் சுருக்கம். வால்ட் பெர்கரும் 1955இல் தன் சொந்தப் போட்டிக்காகக் குண்டு செய்யத் தொடங்கியவர். பிறகுதான் அது பெரிய கம்பெனி ஆயிற்று. நான் சுடும் 6 பிபிசி (PPC) தோட்டாவும் 1970களில் லூயி பால்மிசானோ என்ற மருத்துவரும் ஃபெரிஸ் பிண்டெல் என்ற டூல் மேக்கரும் சேர்ந்து உருவாக்கியது. ஒரு டூல் மேக்கரின் முதலெழுத்து தோட்டாவின் பெயரில் நிற்கிறது என்பதில் எனக்கு ஒரு சாதிப்பெருமை உண்டு.

எங்கள் ஊரில் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் குண்டு செய்து விற்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். இங்கே சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ளலாம், விற்க மத்திய அரசின் உரிமம் வேண்டும். அவரிடம் அது இருந்தது. எண்பதை நெருங்கிய மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழாது. சார் என்றே கூப்பிட்டேன். கடைசிவரை அவருக்கு அது வேடிக்கையாகவே இருந்தது. மூன்று ஆண்டு அவருடைய குண்டுகளைச் சுட்டபின், அவருடைய பழக்கத்தில் இருந்த ஒருவரிடமிருந்து பழைய கார்பைடு டை செட் ஒன்றை விலைக்கு வாங்கினேன். கொடுத்த பணத்தில் நான் அப்போது ஓட்டிக்கொண்டிருந்த காரைப் போல இன்னொரு கார் வாங்கியிருக்கலாம். வீட்டில் இதைச் சொன்ன அன்றைய உரையாடலை இங்கே எழுதப்போவதில்லை.

செய்முறை பார்க்க எளிது. செம்பு 95 பங்கும் துத்தநாகம் 5 பங்கும் சேர்ந்த கலவையில் சின்னக் கிண்ணம் போல வரும் உறையை விலைக்கு வாங்குகிறோம். ஜாக்கெட் என்பார்கள். ஈயக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்கிறோம். முதல் டையில் அந்தத் துண்டை அழுத்தினால், மிகுதி ஈயம் பக்கத் துளை வழியே இடியாப்பம் பிழிந்தது போல நூலாக வெளியேறும். உள்ளே நிற்பது எல்லாம் ஒரே எடை. அதை ஜாக்கெட்டுக்குள் போட்டு இரண்டாவது டையில் அழுத்தினால் ஈயம் விரிந்து உறையோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது டையில் தலைகீழாக ஏற்றினால் முனை கூம்பி, 68 கிரெய்ன் எடையில், அதாவது 4.4 கிராம் அளவில், குண்டு வெளியே வரும். மூன்று டையிலும் உலோகம் வழுக்கிப் போக லேனோலின் என்ற கம்பளிக் கொழுப்பைத் துளி தடவுவோம்.

அந்தக் கொழுப்புதான் என் கழுத்தை அறுத்தது.

ஐந்தாவது குண்டு ஏன் ஓடுகிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். டெலஸ்கோப்பை மாற்றினேன், மருந்தை மாற்றினேன், துப்பாக்கியின் அடிக்கட்டைத் திருகுகளைக் கழற்றி மாட்டினேன். மூன்று மாதம் போயிற்று. ஒருநாள் பெரியவரிடம் இருபது குண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் எடை போடவில்லை, அளக்கவில்லை. வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் ஒரு மரச்சட்டம் வைத்து அதில் இருபதையும் முனை கீழாக நிறுத்தினார். வெந்நீர் ஹீட்டரின் தலைமேல் அதை வைத்துவிட்டு நாளைக்கு வா என்றார். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் காகிதத்தில் ஏழு எண்ணெய்ப் பொட்டுகள், முனையின் திறந்த துளை வழியே உள்ளிருந்து கசிந்தவை. ஊசிமுனை அளவு. சிலது கடுகளவு. பதின்மூன்று குண்டுகளுக்குக் கீழே ஒன்றுமில்லை.

ஈயத்தை முதல் டையில் அழுத்தியபின் கழுவ வேண்டும். கழுவியிருந்தேன், ஆனால் ஒரே பாத்திரத்துக் கரைப்பானில், அடுத்தடுத்து ஐந்நூறையும். முதல் நூறு கழுவியதும் அந்தக் கரைப்பானே எண்ணெய் ஆகிவிட்டது. மீதி நானூறும் அழுக்கு நீரில் குளித்த மாதிரிதான். ஈயத்துக்கும் உறைக்கும் நடுவே மாட்டிய எண்ணெய்ப் படலம் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கிறது. அதோடு, பேரலில் சுழல ஆரம்பித்ததும் உறை ஒரு வேகத்தில் திரும்ப, ஈயம் வழுக்கிப் பின்தங்குகிறது. பித்தளையும் எஃகும் இழைத்துப் பழகிய எனக்கு எண்ணெய் என்றால் நண்பன். சுத்தம் என்பது வேலை முடிந்தபின் செய்வது. இங்கே அதுதான் வேலையே. இப்போது மூன்று பாத்திரம் வைத்து மூன்று முறை கழுவுகிறேன், ஒவ்வொரு நூறுக்கும் புதுக் கரைப்பான். கடைசியில் ஒரு துண்டை எடுத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்கிறேன். அந்த ஐந்நூறில் சுடாமல் மீந்ததை உடைத்து ஈயமாக விற்றேன்.

சின்னக் கோளாறு இவ்வளவு பெரிதாகத் தெரியுமா என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. என் குண்டு நொடிக்கு 990 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. குண்டைச் சுழல வைக்கப் பேரலுக்குள் வெட்டிய திருகுப் பள்ளமான உட்புரி 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அப்படியானால் குண்டு நிமிடத்துக்கு 1,67,000 சுற்று சுழல்கிறது. அதன் எடைமையம் அச்சிலிருந்து இரண்டரை மைக்ரான் விலகியிருந்தால் போதும். பேரலுக்குள் இருக்கும்வரை பேரல் அதைப் பிடித்து நேராக வைக்கும். வாயை விட்டு வெளியேறிய கணத்தில், கவணிலிருந்து பிரிந்த கல்லைப் போல, எடைமையம் அந்த நேரத்தில் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதற்குச் செங்குத்தாகக் குண்டு நழுவும். 91 மீட்டரில் அது 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நான் குறிவைப்பதே 6 மில்லிமீட்டர் குரூப். இரண்டரை மைக்ரான் எடைமையத் தவறு அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் கையால் செய்த குண்டு என்ற பேச்சில் இருக்கும் பாசாங்கு எனக்குப் புரிந்தது. எடைமையத்தைக் கெடுப்பதில் முதல் எதிரி ஜாக்கெட்டின் சுவர். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால், செம்பை விடக் கனமான ஈயம் மெலிந்த பக்கம் சாய்ந்துவிடும். பிறகு எவ்வளவு நல்ல டையில் அழுத்தினாலும் சாய்ந்தது சாய்ந்ததுதான். அந்த ஜாக்கெட்டை நான் செய்வதில்லை, பெரியவரும் செய்யவில்லை. அப்போது கையால் குண்டு செய்தவர்களில் பெரும்பாலோர் வாங்கியது பெர்கர் குண்டுகளிலும் வரும் அதே ஜே4 என்ற ஜாக்கெட்டைத்தான். ஆக, நேர்த்தியின் பெரும்பங்கு ஒரு தொழிற்சாலையில் பெரிய யந்திரத்தில் முடிந்துவிடுகிறது. நிலவறையில் நாம் செய்வது அதைக் கெடுக்காமல் இருப்பது.

சுவர்த் தடிப்பில் 7 அல்லது 8 மைக்ரானுக்குள் வித்தியாசம் உள்ள ஜாக்கெட் வந்தால், என் கணக்கில் அதனால் வரும் விலகல் தாளில் ஒரு மில்லிமீட்டர். 25 மைக்ரான் என்றால் 3 மில்லிமீட்டரைத் தாண்டும். எனவே டை வாங்கும் ஆசையில் இருப்பவர்களுக்கு முதலில் நான் சொல்வது, ஒரு பந்து முனை மைக்ரோமீட்டர் வாங்குங்கள் என்பதுதான். ஒவ்வொரு லாட்டிலும், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியிலும், ஐம்பது ஜாக்கெட் எடுத்து நான்கு பக்கமும் அளந்துவிட்டு, லாட் நன்றாக இருந்தால் கடன்பட்டாவது அதே லாட்டில் சில ஆயிரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் தனிமனிதர் செய்யும் குண்டில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஒரே டை, ஒரே லாட், ஒரே கை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராங்க்லின் மன் என்ற மருத்துவர் வேண்டுமென்றே குண்டுகளைச் சிதைத்துச் சுட்டுப் பார்த்து, 1909இல் தன் முடிவுகளை வெளியிட்டார். முனை நசுங்கினால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, அடிப்பாகத்தில் சிறு பழுது வந்தாலும் குண்டு கெட்டது என்பது அவர் கண்டது. கைநெம்புகோலில் ஒவ்வொரு குண்டாக இழுக்கும்போது அடி சரியாக உட்காராத குண்டை விரலே சொல்லிவிடும். நெம்புகோல் வழக்கத்தை விட இறுகினாலோ தளர்ந்தாலோ அந்தக் குண்டு கழிவு டப்பாவுக்குப் போகும். எனக்கு ஆயிரத்துக்கு முப்பது நாற்பது அப்படிப் போகின்றன. பெரியவர் அவற்றை எடுத்து விரித்துப் பார்த்து, எங்கே தவறு என்று சொல்லுவார். நான் பார்ப்பதில்லை, பொறுமை கிடையாது.

இவ்வளவும் சரி, தாளில் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. இங்கேதான் பெரும்பாலோர் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள். புதுக் குண்டு வாங்குகிறார்கள், இரண்டு குரூப் சுடுகிறார்கள், ஒன்று 4 மில்லிமீட்டரில் வந்துவிடுகிறது. அந்தத் தாளைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் காட்டுகிறார்கள். ஒரே துப்பாக்கி, ஒரே குண்டு, ஒரே கை என்றாலும் ஐந்து குண்டுக் குரூப் ஒருமுறை 4 மில்லிமீட்டரும் அடுத்தமுறை 10 மில்லிமீட்டரும் வருவது இயல்பு. பள்ளியில் படித்த திட்ட விலக்கத்தைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தால், ஐந்து குண்டுக் குரூப்பின் அளவு அதன் சராசரியைச் சுற்றி ஏறக்குறைய 27 விழுக்காடு ஆடும். இரண்டு வகைக் குண்டுகளுக்கு இடையில் 10 விழுக்காடு வித்தியாசம் உண்டா என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, ஒவ்வொன்றிலும் அறுபது குரூப் அளவுக்குச் சுட வேண்டும். அதாவது மொத்தம் அறுநூறு குண்டு. 6 பிபிசி பேரல் போட்டிக்குரிய நேர்த்தியோடு நிற்பது ஆயிரத்துச் சொச்சம் குண்டுகள்வரைதான். குண்டைச் சோதித்து முடிக்கும்போது பேரல் பாதி செத்திருக்கும்.

நான் ஒரு நடுவழி எடுத்தேன். 2015 ஏப்ரலிலிருந்து ஜூன்வரை, காற்று எழாத விடிகாலைகளில் மட்டும், மூன்று வகைக் குண்டுகள், ஒவ்வொன்றிலும் இருபது குரூப். ஆக முந்நூறு குண்டு. ஒன்று கடையில் வாங்கிய, போட்டிக்கென்று கம்பெனி செய்யும் மேட்ச் குண்டு. ஒன்று பெரியவர் செய்தது. மூன்றாவது, கழுவக் கற்றுக்கொண்டபின் நான் செய்தது. எது எது என்று எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் மகளிடம் டப்பாக்களைக் கொடுத்துச் சிவப்பு, நீலம், மஞ்சள் வில்லை ஒட்டச் சொன்னேன். அவள் அதோடு நிற்காமல் வாரத்துக்கு வாரம் நிறத்தையும் மாற்றிவிட்டாள். அப்பாவை நம்பக்கூடாது என்று எழுதி வைத்திருந்தாள். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

சோதனைக்கு முன் ஒரு நியாயம் செய்ய வேண்டியிருந்தது. குண்டின் முனை வளைவு மாறினால், அது பேரலின் உட்புரியைத் தொடும் இடம் மாறும். ஆகவே கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் செருக வேண்டும் என்பதும் மாறும். என் குண்டுக்குப் பதம் பார்த்து வைத்த ஆழத்தில் கம்பெனிக் குண்டையும் செருகிச் சுட்டுவிட்டு, பார்த்தீர்களா என்று சொல்வது அயோக்கியத்தனம். நானே அதை இரண்டு ஆண்டு செய்துகொண்டிருந்தேன். இந்த முறை ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக ஆழம் பார்த்து, அது நிலைத்த பிறகே கணக்கைத் தொடங்கினேன்.

நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது கம்பெனிக் குண்டின் சராசரி 8.1 மில்லிமீட்டர். பெரியவர் குண்டு 6.9. என் குண்டு 7.1. எனக்கும் பெரியவருக்கும் இடையில் உள்ள அந்த 0.2க்கு ஒரு பொருளும் கிடையாது. இருபது குரூப்பில் அதைப் பிரித்தறியவே முடியாது. அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு. கம்பெனிக் குண்டோடு உள்ள வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க ஏறக்குறைய இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு. பந்தயம் கட்டுவேன், சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடைத்தது பிறகுதான். கம்பெனிக் குண்டுப் பெட்டியில் மீதி இருந்தவற்றை, அடியிலிருந்து முனை வளைவு தொடங்கும் இடம்வரை கம்பேரேட்டர் என்ற அளவுக் கருவி வைத்து அளந்தேன். முனை நுனிவரை அளப்பது வீண், அது எந்தக் குண்டிலும் சீராக இருக்காது. அளக்க அளக்க நோட்டில் இரண்டு குவியல்கள் எழுந்தன, நடுவே ஒரு பள்ளம். இரண்டு டையில் வந்த குண்டுகள் ஒரே பெட்டியில் கலந்திருந்தன என்றுதான் எனக்குத் தோன்றியது. இரண்டையும் பிரித்து, ஒரு குவியலில் மட்டும் பத்து குரூப் சுட்டேன். சராசரி 7.4 வந்தது. பத்துக் குரூப் போதாது என்பதை முன்பே சொல்லிவிட்டேன், இருந்தாலும் என் டை செட் கொடுத்ததில் பாதிக்கு மேல் ஒரு மாலைநேர அளவெடுப்பு கொடுத்துவிட்டது போலத்தான் தெரிந்தது. அந்தக் கம்பேரேட்டரின் விலை, நான் டைக்குக் கொடுத்ததில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. புதிதாக வருபவர்கள் யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறேன். கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு டை விலை என்ன என்று விசாரிக்கிறார்கள்.

இன்னொன்று காற்று. அந்தச் சோதனையை விடிகாலையில் மட்டும் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. மணிக்கு 10 மைல் பக்கக் காற்று என் குண்டை 91 மீட்டரில் 2 சென்டிமீட்டருக்கு மேல் ஒதுக்கும். ஒரு மைல் காற்றுக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல். ஒரு மைல் என்பது கன்னத்தில் கூடத் தெரியாத காற்று. கம்பெனிக் குண்டுக்கும் கைக் குண்டுக்கும் நான் கண்ட வித்தியாசமே அதிகம் போனால் 1.2 மில்லிமீட்டர். போட்டி நடப்பதோ பத்து மணி வெயிலில், புல்வெளி சூடேறிக் காற்று நாலாபக்கமும் திரியும் நேரத்தில். மேசைக்கும் தாளுக்கும் நடுவே நான்கு காற்றுக் கொடிகளை நட்டு வைத்து, அவற்றின் வாலையும் விசிறியையும் பார்த்துக்கொண்டே சுட வேண்டும். முதல் சில ஆண்டு எனக்குக் கொடியே கிடையாது. பக்கத்து மேசைக்காரரின் கொடியைத் திருட்டுத்தனமாகப் பார்த்துச் சுடுவேன், அவர் வேறு கோட்டில் இருப்பார்.

2016இல் நானே கொடிகள் செய்தேன். தகரம், பழைய சைக்கிள் பேரிங், தையல் கடையில் கேட்டு வாங்கிய பிளாஸ்டிக் நாடா. அந்தப் பருவத்தில் என் போட்டிச் சராசரி அதற்கு முந்தைய ஆண்டை விட இரண்டு மில்லிமீட்டர் இறங்கியது. டை வாங்கிய ஆண்டில் அப்படி எதுவும் இறங்கவில்லை. இரண்டு கொடிகள் எதிரெதிர்ப் பக்கம் காட்டும்போது கையைத் துப்பாக்கியிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருப்பது என்பதுதான் நான் கற்ற அத்தனையிலும் கடினமானது. ஏழு நிமிடத்தில் நாலு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்து, காற்று பழைய நிலைக்குத் திரும்பியதும் மளமளவென்று ஐந்தையும் சுட்டுவிடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். சில தாளில் எனக்கும் அது வாய்த்தது.

ஈயத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இதில் உருக்கும் வேலை இல்லை, எல்லாம் குளிர்நிலையில் அழுத்துவதுதான். அதனால் ஆபத்து இல்லை என்று நினைத்து, முதல் ஆண்டு டை அருகிலேயே காபிக் கோப்பையை வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். வருடாந்திரப் பரிசோதனையில் இரத்தத்தில் ஈய அளவு ஏறியிருந்தது. மருத்துவர் என்ன தொழில் என்று கேட்டார். தொழில் அல்ல, பொழுதுபோக்கு என்றேன். அதன்பிறகு தனிச் சட்டை, கையுறை, நிலவறையில் தின்பதும் குடிப்பதும் இல்லை. வேலை முடிந்ததும் தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது வழக்கமாயிற்று. மறு ஆண்டு அளவு இறங்கிவிட்டது.

இதைப் படித்துவிட்டு ஊரில் யாரும் ஈயத்தை வெட்ட உட்கார்ந்துவிட வேண்டாம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அங்கே பெரும்பாலான பிள்ளைகள் சுடுவது 10 மீட்டர் ஏர் ரைஃபிள். அதற்கான 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டை யாரும் கையால் செய்வதும் இல்லை. ஆனால் கேள்வி ஒன்றுதான். கோவையில் என் அக்கா மகள் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். போன தீபாவளிக்குப் போனில் கூப்பிட்டு, “மாமா, பெல்லட்டை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரித்தால் மார்க் கூடுமா?” என்று கேட்டாள்.

எடை போடுவதை விட லாட் பார்ப்பது மேல் என்றேன். பத்துப் புள்ளி வட்டமே அரை மில்லிமீட்டர்தான். ஒரே பெயரில் 4.49, 4.50 என்று தலை அளவு மாறி வரும் டப்பாக்களில், லாட் எண் வேறான நாலைந்தை ஒவ்வொன்று வாங்கு. துப்பாக்கியைக் கிளாம்பில் இறுக்கிக் கட்டி, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக மூன்று குரூப்பாவது சுடு. எந்த லாட் உன் பேரலுக்குப் பிடிக்கிறதோ அதில் ஆண்டுக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கிவிடு. எந்த டப்பா எது என்று உனக்குத் தெரியாதபடி வேறு யாரையாவது விட்டு மாற்றி வைக்கச் சொல்.

எல்லாம் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் நீங்களும் நல்ல லாட் வாங்கிச் சுட வேண்டியதுதானே, எதற்கு இன்னும் செய்கிறீர்கள்?” என்றாள்.

ஒஹாயோவில் ஜனவரி என்று ஒன்று இருக்கிறது அம்மா என்றேன். ரேஞ்ச் முழங்கால்வரை பனியில் கிடக்கும், ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். நிலவறையில் ஹீட்டர் ஓடும், ரேடியோவைப் போட்டுக்கொண்டு மணிக்கு நூறு வீதம் நெம்புகோலை இழுக்கலாம். இந்தக் குளிர்காலத்தில் அறுநூறு செய்திருக்கிறேன். இருபதை எடுத்து, முனை கீழாக, டிஷ்யூ காகிதத்தின்மேல் ஹீட்டரின் தலையில் நிறுத்தி வைத்திருக்கிறேன். காலையில் பார்க்க வேண்டும்.